நான்காவது எலுமிச்சம்பழம்

வண்டியைக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மழை, வழுக்கல், தென்னங்கட்டை என்று ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என்னைக் குறை சொல்லும் என் மனைவிகூட, வெளியாட்கள் முன்னால் மட்டும் "கட்டை வழுக்கிருச்சு" என்பாள். கட்டை அது பாட்டுக்குக் கிடந்தது. நான்தான் வேகமாகப் போனேன்.

வண்டி என் அக்காவுடையது. அப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வயது, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஈப்போவை ஒட்டிய செமோருக்கு அந்தப் பக்கம், இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். பதினாறு வயதிலேயே அவள் பால் வெட்டப் போனாள். மேடும் பள்ளமுமான அந்த நிரைகளில் பால் வாளி சுமந்து நடந்தது அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு முட்டிகளும் மொத்தமாகக் கணக்குத் தீர்த்துக்கொண்டன. கல்யாணமாகிக் கடலோரமாக இருக்கும் பாகான் டத்தோவுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். மச்சான் உயிரோடு இருந்தபோது வாங்கிப் போட்ட நாலு ஏக்கரில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகப்போகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

பத்து நாளுக்கு ஒரு முறை ஓர் ஆள் வந்து குலை வெட்டுவான். வெட்டியதை அவனே ஏற்றுவான். ஏற்றியதைச் சாலை ஓரம் வரை ஓட்டிக்கொண்டு வருவது அக்கா. அதற்குத்தான் அந்த ஏடிவி. மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, நாலு குண்டுச் சக்கரம், பின்னால் ஒரு சின்னத் தள்ளுவண்டியைக் கோத்துக்கொள்ள ஒரு கொக்கி. வீட்டு வாசற்படி இறங்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும் அக்கா, அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். ஒரு கையில் கைப்பிடி, இன்னொரு கையால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் செம்பனை வரிசைக்குள் திரும்பும் அழகைப் பார்க்க வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு என்றுகூடச் சொல்லலாம். இல்லாவிட்டால் அன்றைக்கு நான் அந்த வண்டியைக் கேட்டிருக்க மாட்டேன்.

தீபாவளி முடிந்த வாரம். நானும் மனைவியும் போயிருந்தோம். காலையிலிருந்து மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. அக்காவின் நிலத்துக்குள் நீளமாக ஒரு பாரிட் ஓடுகிறது. கடலோர மண்ணில் இந்த வாய்க்கால்கள் இல்லாவிட்டால் பாதி வருஷம் எல்லாம் தண்ணீரில்தான் கிடக்கும். வண்டிப் பாதை அந்தப் பாரிட்டை ஒட்டியே போய், கடைசியில் அதைக் கடக்கிறது. கடக்கிற இடத்தில் தென்னங்கட்டைகளை அடுக்கிப் போட்டுப் பாலம்.

"மழ பேஞ்சிருக்கு. பாலத்துக்கு அந்தாண்ட போவாதடா," என்றாள் அக்கா.

முப்பது வருஷம் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்த்த என்னிடம் போய் இதைச் சொல்வதா? தலையை ஆட்டிவிட்டுப் போனேன். பாலத்தில் ஏறும்போது வலது முன் சக்கரம் ஓரத்துக் கட்டையின் வெட்டு முகத்தில் நேராகப் போய் மோதியது. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடிக்கு மேலே பறந்து பாரிட்டில் இடுப்பளவு சேற்றில் இறங்கினேன். சத்தம் கேட்டு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு அக்கா மெதுவாக வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

முன்பக்கச் சட்டம் வளைந்திருந்தது. சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கைகளும் அந்தச் சட்டத்தில்தான் மாட்டப்பட்டிருக்கும். வலது பக்கக் கீழ்க்குழாய் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சக்கரம் நாய் அடிபட்ட காலைத் தூக்கிக்கொள்வது போல உள்ளே ஒடுங்கிக் கிடந்தது. பக்கத்து டவுனான தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒரு பட்டறைக்காரன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சேசிஸ் பெங்கோக், அங்கிள். தா போலே லா," என்றான். வளைந்துபோன சட்டத்தை நிமிர்த்த முடியாது, அந்த மாடலுக்குப் புதுச் சட்டம் இனி வராது, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்பது அவனுடைய தீர்ப்பு.

எனக்குக் கோபம் வந்தது. முடியாது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது. "நான் கெடுத்தேன், நானே சரி பண்றேன்," என்று அக்காவிடம் சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரரின் லோரியில் வண்டியை ஏற்றி, பத்து காஜா என்ற ஊரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இறக்கும்போது என் மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி பக்கத்துல வீடு இருக்குதுன்னு நோயாளிய இங்கயே கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் அக்காவின் மகன் போன் செய்தான். கோலாலம்பூரில் வேலை, பொறுப்பான பையன், அம்மா மேல் உயிர். அவனைத் தப்பாகச் சொல்ல எனக்கு மனசு வராது.

"மாமா, வண்டிய செய்யப் போறீங்களாமே?"

"ஆமா. ஒரு வாரத்துல முடிச்சிருவேன்."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அவசரம் ஒண்ணும் இல்ல மாமா. மெதுவா செய்யுங்க. இல்லன்னா... முடியலன்னே சொல்லிருங்க லா. வண்டி இல்லன்னா அம்மா நிலத்த விட்டுருவாங்க, எங்கூட வந்துருவாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. ஒரு நாளு பாரிட்ல விழுந்து கெடந்தா யாரு மாமா பாப்பா?"

நான் அந்தப் பாரிட்டில் விழுந்தவன். அதன் சேறு எப்படிப் பிடித்து இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயது, இரண்டு முட்டியும் கிடையாது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் கிடையாது. "பாக்கலாம்பா," என்றேன். அந்தப் 'பாக்கலாம்' என்ற வார்த்தையை நான் வாழ்க்கையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முடியாது என்று சொல்லத் தைரியமில்லாதபோதும் சரி என்று சொல்ல வெட்கமாக இருக்கும்போதும் அதுதான் கை கொடுக்கும்.

வேலையை ஆரம்பித்தேன். இந்த மாதிரிச் சட்டத்தை நான் நிமிர்த்தியதில்லை என்பதால், கைப்பேசியில் படம் தேடினேன். ஏடிவியைப் பற்றி உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது, எங்கோ ஒரு குளிர் தேசத்தில் பனிமேல் ஓட்டும் வண்டியை ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிமிர்த்தும் படம். அந்த வண்டிக்கு முன்னால் சக்கரம் இல்லை, இரண்டு சறுக்குப் பலகைகள். மற்றபடி அதே கைகள், அதே சட்டம், அதே வளைவு. கம்பளித் தொப்பி போட்டிருந்தார், பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. நான் பனியனோடு வியர்வை வழிய உட்கார்ந்து, அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஆறு தடவை பார்த்தேன். "அந்த ஆளு எதுல மோதினாராம்?" என்று கேட்டாள் மனைவி. மரத்தில் என்றேன். "ஒங்களுக்குச் சொந்தக்காரருதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முன்பக்கத்தில் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றினேன். சக்கரங்கள், கைகள், அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்கள், முன்தடுப்பு. வெறும் எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. பிறகு நூல் பிடித்து அளந்தேன். பின்னால் இடது ஓட்டையிலிருந்து முன்னால் வலது ஓட்டைக்கு ஒரு நூல், பின் வலதிலிருந்து முன் இடதுக்கு இன்னொரு நூல். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றரை அங்குலம் வித்தியாசம் இருந்தது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தண்டவாளத் துண்டு மண்ணில் நட்டபடி நிற்கிறது. இந்தப் பக்கமெல்லாம் ஈயம் தோண்டிய காலத்தில் யாரோ எதற்கோ நட்டது. வீடு வாங்கிய நாளிலிருந்து அதைப் பிடுங்கச் சொல்லி மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள், என்னால் ஆட்டக்கூட முடியவில்லை. இப்போது அதற்கு ஒரு வேலை வந்தது. வண்டியின் பின்பக்கத்தை மாமரத்தோடு கட்டினேன். முன்பக்கம் வளைந்த குழாயில் சங்கிலியைச் சுற்றி, தண்டவாளத்தில் மாட்டி, கையால் திருகி இறுக்கும் கருவியால் இழுத்தேன். உள்ளிருந்து முட்டுக் கொடுக்க லோரி ஜாக். சங்கிலி அறுந்தால் ஆளை வெட்டிவிடும் என்பதால் அதன்மேல் நனைத்த கோணிச்சாக்கைப் போட்டேன். குழாயைச் சூடு காட்டினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மெல்லிய குழாய், சூடு பட்டால் பிறகு நம்ப முடியாது. பச்சை இரும்பாகவே இழுப்பது என்று முடிவு செய்தேன்.

பச்சை இரும்புக்கு ஒரு குணம் உண்டு. நேராகும் வரை இழுத்து விட்டால் அது பழையபடி கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். அதனால் நேருக்கும் தாண்டி இழுக்க வேண்டும். எவ்வளவு தாண்டி என்பதுதான் கேள்வி. கம்மியாக இழுத்தால் திரும்பிவிடும், அதிகம் இழுத்தால் வெடித்துவிடும். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுத்தேன். நாலு நாளில் ஒன்றரை அங்குலம் அரை அங்குலமாகிவிட்டது.

அரை அங்குலத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

இன்னும் இழுத்தால் குழாய் விரிசல் விட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் இதே மாதிரி ஒரு வேலையை என் கீழ் வேலை செய்தவன் அரை அங்குலத்தில் விட்டிருந்தால், அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அது எனக்கு அப்போதே தெரியும். சக்கரங்களையும் கைகளையும் மாட்டினேன். ஸ்டீயரிங் கம்பியின் திருகைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று திருகி, கைப்பிடி நேராக நிற்கும்படி செய்தேன். முன்னால் நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும். வண்டி எப்போதும் லேசாக ஒரு பக்கம் இழுக்கும், கையை எப்போதும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும். ஒரு மாசம், இரண்டு மாசம். அப்புறம் அக்காவே 'போதும்டா தம்பி' என்று சொல்லிவிடுவாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படித்தான் நினைத்தேன். அன்று இதற்குப் பெயர் அக்கறை என்று இருந்தது.

வண்டி தயார் என்று சொன்னதும், அதே லோரியில் அக்கா வந்து இறங்கினாள். லோரிக்காரர் ஈப்போவில் சாமான் எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்பி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அக்கா ஒரு பை நிறைய வாழைக்காயும் தேங்காயும் கொண்டு வந்திருந்தாள். மருதாணி வைத்த பெண்ணைப் பார்ப்பது போல வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"புதுசு மாதிரி இருக்குதுடா," என்றாள். என் தோளைத் தட்டினாள். எனக்கு அந்தத் தட்டு உறைத்தது.

அடிபட்ட வண்டி மறுபடி ஓடுவதற்கு முன்னால் பூசை போட வேண்டும் என்பது என் மனைவியின் சட்டம். விபூதி, சந்தனம், குங்குமம், சூடம். நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். வண்டி அதன்மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போனால் கண்ணேறு, தோஷம், எல்லாம் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. புதுக் கார் வாங்கினாலும் செய்வோம், பழைய மோட்டார் சைக்கிளுக்கும் செய்வோம். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனால் பழம் வைக்கிறவன் எப்போதும் நான்தான். குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழத்தை ஒட்டி வைத்தேன்.

"நீங்களே ஏறுங்க அண்ணி. ஒங்க வண்டி," என்றாள் மனைவி.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிட்டாள். மனைவி சூடத்தைச் சுற்றி இறக்கினாள். வண்டி மெதுவாக முன்னே நகர்ந்தது.

இடது பழம் பிதுங்கிச் சாறு தெறித்தது. பின்னால் இரண்டும் நசுங்கின. வலது முன் சக்கரத்துப் பழம் மட்டும் நசுங்கவில்லை. சக்கரம் அதன்மேல் ஏறாமல் ஓரமாகத் தள்ளிவிட்டது. தோல் கொஞ்சம் சிராய்ந்து, பழம் முழுசாக வாசல் சரிவில் உருண்டு, வலது பக்கம் போய், வீட்டு முன்னால் ஓடும் வடிகாலான லொங்காங்கில் விழுந்தது. தண்ணீரில் விழும் அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயோ, என்னங்க இது சகுனம்!" என்றாள் மனைவி. "வேற பழம் கொண்டாறேன்."

நான் லொங்காங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது சகுனம் இல்லை. சக்கரம் சாய்ந்து நிற்கிறது, வலது பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஆனால் வலது பக்கம் என்ற இரண்டு வார்த்தைகள் அப்போதுதான் என் மண்டையில் இறங்கின. அக்காவின் நிலத்துக்குள் போகும்போது பாரிட் எந்தப் பக்கம்? வலது பக்கம். குலை ஏற்றப் போகும் ஒவ்வொரு தடவையும், போகிற வழி முழுக்க, பாரிட் அவளுக்கு வலது பக்கம். அவள் விழுந்துவிடக்கூடாது என்று பயந்து, விழுகிற பக்கமாக இழுக்கும் ஒரு வண்டியை அவளுக்குப் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. அங்கிருந்தே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது மறைத்தால் அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"என்னடா பாக்கி வச்சிருக்க?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அரை அங்குலம், ஸ்டீயரிங் கம்பியில் செய்த வேலை, மகன் போன் செய்தது, எல்லாவற்றையும். அவனைக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததில் வருத்தம்தான், ஆனால் பாதி சொல்லி நிறுத்த முடியவில்லை. சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மனைவி கையில் புது எலுமிச்சம்பழத்தோடு அப்படியே நின்றாள்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அவன் எனக்கும் போன் பண்ணுவான்," என்றாள். "வாரா வாரம் சொல்லுவான். அவன் சொல்றத நான் கேக்கறேன். கேட்டுட்டு மாட்டேன்னு சொல்றேன். அவனும் சண்ட போட்டுட்டு வச்சிருவான். அதுல ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். "நீ ஏண்டா எங்கிட்ட சொல்லல? என்ன ஒக்கார வைக்கணும்னா எங்கிட்ட சொல்லு. வண்டிய விட்டுச் சொல்லாத."

அக்காவிடம் நேராகச் சொன்னால் அவள் மாட்டேன் என்பாள், அந்த 'மாட்டேன்' என்ற சொல்லை நான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். இரும்பிடம் பேசுவது எனக்கு எப்போதுமே சுலபம்.

"கழட்டுடா," என்றாள் அக்கா. "லோரி சாயங்காலந்தான் வரும்."

சந்தனம் காயாத வண்டியை மறுபடி கொல்லைக்குத் தள்ளினோம். மனைவி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து போட்டாள். அக்கா அதில் உட்கார்ந்தாள். ஒரு நூலை அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொன்றை மனைவி. நான் சங்கிலியை இறுக்கினேன். நாலு நாளும் நான் தனியாக ஓடி ஓடி அளந்த வேலை. இழுக்கிறவன் ஒருவன், அளவைப் பார்க்கிறவர் வேறொருவர் என்று இருந்தால் எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. சங்கிலி முனகியது. அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு நூலையே பார்த்தாள்.

"நேராச்சு," என்றாள்.

"இன்னும் போவணும். விட்டா திரும்பிக்கும்."

"எவ்வளவு?"

"தெரியலக்கா. வெடிச்சாலும் வெடிக்கும்."

"வெடிச்சா வெடிக்கட்டும். நீ இழு."

இழுத்தேன். குழாயிலிருந்து டிக் என்று ஒரு சத்தம் வந்தது. மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். வெடிக்கவில்லை, பழைய பெயிண்ட்தான் சில்லாகக் கழன்று விழுந்தது. மெதுவாக விட்டேன். இரும்பு திரும்பியது, திரும்பியது, நின்றது. இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசத்தைக் கண்ணால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு வெல்டிங்கையும் துடைத்து, விளக்கு அடித்து, விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

கைகளை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணாந்து பார்க்காமலே சொன்னேன்.

"அக்கா, எனக்கு பயமா இருக்குதுக்கா. நீ தனியா அங்க போறது. அந்தச் சேத்துல நான் விழுந்தேன். என்னாலயே ஏற முடியல. வேணாங்க்கா. விட்டுருக்கா."

அக்கா நூலைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினாள்.

"எனக்கும் பயந்தான்டா," என்றாள் பிறகு. "பாலத்துக்கு அந்தாண்ட போறதில்ல இப்பல்லாம். அந்தக் கடேசி ரெண்டு வரிசைய வெட்டற ஆளே தூக்கிட்டு வரான். ஒனக்குத் தெரியாது. நீ கேட்டாத்தான?"

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. அவள் மகனும் கேட்டிருக்க மாட்டான். நாங்கள் இரண்டு பேரும் அவளை நிறுத்துவது எப்படி என்று யோசித்தோமே தவிர, அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று கேட்கவில்லை.

"முடியலன்னா நானே சொல்றேன்," என்றாள் அக்கா. "அதுவரைக்கும் என் வண்டி நேரா போவணும்."

சாயங்காலம் லோரி வந்தது. ஏற்றுவதற்கு முன்னால் மனைவி மறுபடி நாலு பழம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். நாலும் நசுங்கின. வலது முன் சக்கரத்துப் பழத்தை மட்டும் குனிந்து பார்த்தேன். தட்டையாக, நடுவில் பிளந்து, விதைகள் தரையில் ஒட்டிக் கிடந்தன. வாசலெல்லாம் எலுமிச்சை வாசம்.

ஒரு வருஷத்துக்கு மேல் அக்கா அதை ஓட்டினாள். நான் வாரம் ஒரு முறை போன் செய்ய ஆரம்பித்தேன். வேண்டாம் என்று நானும் சொல்வேன், மாட்டேன் என்று அவளும் சொல்வாள், பிறகு பேச்சு மழைக்கும் குலை விலைக்கும் போய்விடும். அவள் மகனும் வீம்பை விட்டான். நிலத்துக்கு வந்தால் அம்மா பின்னால் தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வருவானாம். கொஞ்சம் கொஞ்சமாக வரிசைகள் குறைந்தன. கடைசி இரண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தன. பிறகு பாரிட் ஓரம் முழுக்க. கடைசியில் வீட்டுக்கு எதிரே இருக்கும் மூன்று வரிசை மட்டும்.

போன மாசம் ஒரு நாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தேன், அவளே கூப்பிட்டாள். வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். நானும் மனைவியும் போனோம். அக்கா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைக் கழுவி, துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்திருந்தாள். யாருக்கோ நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்றாம். மகன் வீட்டுக்குத் தைப்பூசம் கழித்துப் போகிறாளாம். இதையெல்லாம் காப்பி ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

இதைத்தானே நான் கேட்டேன், கேட்டது கிடைத்தபோது என்ன செய்வது என்று தெரியாமல், பையிலிருந்து நூலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினேன். ஓட்டைக்கு ஓட்டை பிடித்து அளந்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கொஞ்சமும் நகரவில்லை.

அக்கா அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தடா அளக்குற?" என்றாள். "அது கடேசி வரைக்கும் நேராத்தான் போச்சு. நிறுத்துனது நானு."

சாவியை என் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.